அறுபது டாலருக்கு அதே குரங்கா?

கேள்வி: 2010 டிசம்பரில் டல்லாஸில் நாலு பேர் சேர்ந்து ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ரூம்மேட் ஒருவன் நிண்டெண்டோவின் வீ கேம் கன்சோலும், ‘டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்’ என்ற குரங்கு கேமும் வாங்கி வந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. இப்போது மனைவி, மகளோடு எடிசனில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் இருக்கிறது, அதில் மாரியோ கார்ட் மட்டும்தான் ஆடுவாள். பழைய கேம் ஹெச்.டி.யாக ஸ்விட்சுக்கு வந்திருப்பதைப் பார்த்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. விலை 59.99 டாலர். “பழைய கேமுக்கு அறுபது டாலரா?” என்கிறார் மனைவி. எனக்கு மகளோடு சேர்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான். வாங்கலாமா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மகளோடு ஆடத்தான் என்றால் வாங்க வேண்டாம். உங்களுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். கடிதத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். ‘குழந்தைக்காக’ என்று சொல்லித் தனக்கு வாங்கிக்கொள்ளும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், இந்தப் பத்தியை எழுதுவது அவர்தான்.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2010இல் வீயில் இந்த கேமின் விலை 49.99 டாலர். 2013இல் கையடக்க 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது புதிதாக எட்டு லெவல்களைச் சேர்த்தார்கள். 2025 ஜனவரி 16இல் ஸ்விட்சுக்கு வந்ததில் அந்த எட்டும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பதிப்புக்கென்று புதிதாக ஒரு லெவல்கூடக் கிடையாது. விலை மட்டும் பத்து டாலர் ஏறியிருக்கிறது. வீ 480 வரிக்கு மேல் படம் காட்டாது, இப்போது பெரிய டிவியில் பளிச்சென்று தெரிகிறது. அதைத் தாண்டிப் பார்த்தால் அதே காடு, அதே கடற்கரை, அதே குரங்கு.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. இந்த கேமை உருவாக்கியது டெக்ஸாஸின் ஆஸ்டினில் இருக்கும் ரெட்ரோ ஸ்டுடியோஸ். நீங்கள் டல்லாஸில் உட்கார்ந்து ஆடியது பக்கத்து ஊர்ச் சரக்குதான். ஹெச்.டி. பதிப்பைத் தயார் செய்தது வேறொரு நிறுவனம். கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ரெட்ரோ ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ‘மூலப் பதிப்பை உருவாக்கிய ஊழியர்களின் உழைப்பை அடிப்படையாகக் கொண்டது’ என்கிற பொருளில் ஒற்றை வரி போட்டு முடித்துவிட்டார்கள். சமைத்தவரை விட்டுவிட்டுப் பரிமாறியவருக்கு மட்டும் மாலை போட்ட மாதிரி. இதற்காக யாரும் வாங்காமல் இருக்கப்போவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் அறுபது டாலர் கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மறந்துவிட்ட ஒன்று உண்டு: இது கடினமான கேம். சும்மா கடினம் இல்லை, வாட்டி எடுக்கும். பதினைந்து வருஷம் கழித்து நினைவில் நிற்பது அந்திச் சூரியனுக்கு எதிரே எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும் ‘சன்செட் ஷோர்’ லெவலும், சோஃபாவில் சிரித்த சிரிப்பும்தான். முதல் உலகத்தின் ஆறாவது லெவலிலேயே வரும் சுரங்க வண்டியில் எத்தனை தடவை செத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? அந்த வண்டியில் ஒரு அடி பட்டால் போதும், கதை முடிந்தது. அடி தாங்குவதற்கென்று தரும் இதயம் எத்தனை இருந்தாலும் பயனில்லை. பின்னால் வரும் ராக்கெட் பீப்பாய்களிலும் அதே சட்டம்தான்.

போன விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான், ஒன்பது வயது. என் பழைய வீயைத் தூசி தட்டி மாட்டிக் கொடுத்தேன். வீயில் உருண்டு போவதற்கு ரிமோட்டை உதற வேண்டும். குனிந்துகொண்டு உதறினால் குரங்கு வாயால் ஊதும். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பூவைப் பார்த்தான். ஊதினால் ஏதாவது விழும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் உதறிய நேரத்தில் கட்டைவிரல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது போல. குரங்கு ஊதவில்லை, உருண்டது. நேராகப் பள்ளம். இப்படியே மூன்று தடவை. பிறகு சுரங்க வண்டி. எட்டு உயிர் போனதும் ஒரு பன்றி வந்து நின்று, ‘வேண்டுமானால் சூப்பர் காங்கை வைத்து இந்த லெவலை முடித்துத் தருகிறேன்’ என்றது. பையன் அதையே கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, “ஏன் மாமா, அந்தப் பன்னி என்னைப் பார்த்துப் பாவப்படுதா?” என்றான். ரிமோட்டைச் சோஃபாவில் வைத்தவன் அன்றைக்கு மறுபடி எடுக்கவே இல்லை.

ஸ்விட்சில் அந்த உதறல் தொல்லை இல்லாமல் எல்லாவற்றையும் பட்டனிலேயே செய்யலாம். ஹெச்.டி. பதிப்பில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது இதுதான். ‘மாடர்ன்’ என்றொரு மோடும் இருக்கிறது. அதில் இரண்டு இதயத்துக்குப் பதில் மூன்று. கேமுக்குள் கிராங்கி என்ற கிழக் குரங்கு நடத்தும் கடையிலும் கூடுதல் சரக்கு கிடைக்கும். இதெல்லாம் 3டிஎஸ் பதிப்பிலிருந்து வந்தவை. எட்டு வயதுக் குழந்தைக்கு இவை கொஞ்சம் கைகொடுக்கும்.

ஆனால் இரண்டு பேராக ஆடும்போது இந்த கேம் லேசாவதற்குப் பதில் இன்னும் கடுமையாகிறது. தனியாக ஆடினால் டிடி என்ற குட்டிக் குரங்கு உங்கள் குரங்கின் முதுகில் உட்கார்ந்திருப்பான். அவனுடைய ஜெட்பேக் தாவலை நீட்டித்துத் தரும், அவன் இதயங்களும் உங்கள் கணக்கில் சேரும். இருவராக ஆடும்போது அவன் தனி ஆள். உயிர்க் கணக்கோ பொது. மகள் பள்ளத்தில் விழுவாள், பீப்பாயில் மிதந்து திரும்புவாள், பொதுக் கணக்கில் ஒரு பலூன், அதாவது ஓர் உயிர், குறையும். ஐந்தாவது பலூன் போகும்போது உங்கள் வாயிலிருந்து என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். ரூம்மேட்டிடம் அதைச் சொல்லலாம், எட்டு வயதுப் பெண்ணிடம் சொல்ல முடியாது. டிடி உங்கள் முதுகில் ஏறிக்கொள்ள வழி இருக்கிறது, கஷ்டமான இடங்களை நீங்களே கடத்திவிடலாம். அப்படிச் செய்தால் பாதி நேரம் அவள் பயணிதான்.

அவளோடு ஆட என் சிபாரிசு இதே ரெட்ரோ ஸ்டுடியோஸ் அடுத்ததாகச் செய்த ‘டாங்கி காங் கன்ட்ரி: டிராப்பிகல் ஃப்ரீஸ்’. 2014இல் வீ யூவில் வந்தது. அந்த கன்சோலை வாங்கியவர்கள் குறைவு என்பதால் பலர் கண்ணில் படாமலே போனது. 2018 மே மாதம் ஸ்விட்சுக்கு வந்தது. இதுவும் மறுபதிப்புதான், இதற்கும் பத்து டாலர் ஏற்றி 59.99 ஆக்கினார்கள். ஆனால் வாங்கிய பத்து டாலருக்கு ஏதோ வேலை செய்திருக்கிறார்கள். ‘ஃபங்கி மோட்’ என்று புதிதாக ஒன்று சேர்த்தார்கள். அதில் வரும் ஃபங்கி காங்குக்கு ஐந்து இதயம். காற்றில் இரண்டாம் முறை தாவலாம். கையில் சர்ஃப் பலகை இருப்பதால் முள்மேல் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீருக்கடியில் மூச்சு முட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபங்கி முதல் ஆட்டக்காரருக்குத்தான் கிடைப்பான். ஆகவே முதல் ஜாய்-கான் கன்ட்ரோலரை மகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் துணைக் குரங்குகளான டிக்ஸியாகவோ கிராங்கியாகவோ பின்னால் ஓடுங்கள். அப்போது நிறைய விழப்போவது நீங்கள். பீப்பாயில் மிதந்து வரும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கும். போதாக்குறைக்கு, 1994இல் வந்த முதல் ‘டாங்கி காங் கன்ட்ரி’யின் இசையமைப்பாளர்களில் ஒருவரான டேவிட் வைஸ் இதற்குத் திரும்பி வந்து இசையமைத்தார். ‘ரிட்டர்ன்ஸ்’ஸில் அவர் இல்லை. காது உள்ளவருக்கு வித்தியாசம் தெரியும்.

நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் விலை இறங்குவது அபூர்வம். தள்ளுபடிக்காகக் காத்திருந்தால் மகள் ஹைஸ்கூல் போய்விடுவாள். அதனால் டவுன்லோடு வேண்டாம், கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள். பிடிக்காவிட்டால் விற்கலாம், போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ‘டிராப்பிகல் ஃப்ரீஸ்’ வந்து இத்தனை வருஷம் ஆனதால் பழைய கேம் விற்கும் கடைகளில் செகண்ட்ஹேண்டாகக் கிடைக்கும். அதற்கும் முன்னால் உங்கள் ஊர் லைப்ரரியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் ஸ்விட்ச் கேம்களையும் இரவல் தருகின்றன. ‘ரிட்டர்ன்ஸ்’ அங்கே இருந்தால் உங்கள் ஏக்கமும் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

இரவல் கிடைக்காமல், கையும் அடங்காமல் வாங்கியேவிட்டீர்கள் என்றால், மகள் தூங்கிய பிறகு ‘ஒரிஜினல்’ மோடில் தனியாக ஆடுங்கள். உங்கள் டிசம்பர் அங்கேதான் இருக்கிறது. பகலில் அவளுக்குக் காட்ட வேண்டுமானால் மாடர்ன் மோடில் ‘சன்செட் ஷோர்’ வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்திக்கொள்ளுங்கள். சுரங்க வண்டியை அவள் கேட்டால் மட்டும் காட்டுங்கள். அதற்கு முன்பு கிராங்கி கடையில் வண்டியில் அடி தாங்கும் ‘கிராஷ் கார்டு’ (Crash Guard) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.