தண்டுவடம் அடிபட்டவர்கள் யாரிடம் கேட்கலாம், எப்போது கேட்கலாம்?

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களும் வீட்டாரும் கேட்டவற்றுக்கு மறுவாழ்வுப் பிரிவு பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

பனைமரத்திலிருந்து விழுந்து அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் எதுவும் நினைவில் இல்லை.

நினைவிருந்தால்தான் ஆச்சரியம். முதல் சில வாரங்கள் "மறுபடி நடப்பாரா?" என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறாது. சந்தேகமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முளைக்கும். எழுதிவைத்து அடுத்த ரிவியூவில் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். அதுவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படுக்கைப் புண் பற்றி நோட்டீஸ் கொடுத்தார்கள். அது போதுமா சார்?

போதாது. "தோல் சிவந்தால் கவனி" என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? தினமும் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்த இடத்தில் பாரம் படவே கூடாது. நர்ஸ் ஒருமுறை உங்கள் கையைப் பிடித்துக் காட்டினால், நாலு பக்க நோட்டீஸைவிட நன்றாகப் பதியும்.

கழுத்தில் அடிபட்டவன் நான். டாக்டரைவிட, என்னைப் போல வீல்சேரில் இருப்பவர் சொன்னால்தான் மனசு ஏற்கிறது. தப்பா?

தப்பே இல்லை. தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்தில் அடிபட்டவர்தான். ஆனால் உங்களுக்குச் சொல்லும் அந்த வீல்சேர் நண்பருக்கு இடுப்பில் அடி என்றால் அவருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உங்களுக்கு உண்டு. முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் 6ஆவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர் அடைத்தாலே பிரஷர் எகிறும்; தலை இடிக்கும், முகம் வியர்க்கும். உடனே நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்தச் சொல்லுங்கள், சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். இதை டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாம்பத்தியம் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை மேடம்/சார்...

மாமியார் பக்கத்தில் நிற்கும்போது டாக்டரும் பேச மாட்டார். கணவனும் மனைவியுமாகத் தனியாக நேரம் கேளுங்கள். மருந்து உண்டு, குழந்தை பெறவும் வழிகள் உண்டு.

தம்பிக்கு 22 வயசு, கை நன்றாக இருக்கிறது. ஆனாலும் சிறுநீர் டியூப் போடுவதை என்னிடமே சொல்லித் தருகிறார்கள்.

அவருக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. எத்தனை நாள் நீங்கள் கூடவே இருப்பீர்கள்? நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் உதவும்.