மருந்து வீட்டுக்கே வந்துடுற காலத்துல பக்கத்துல மருந்துக்கடை இருக்கான்னு அரசு ஏன் பாக்கணும்?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: ஆன்லைன்ல ஆர்டர் போட்டா மாத்திரை வாசலுக்கே வருது, அப்புறம் எதுக்கு அரசு ஏரியா ஏரியாவா கணக்குப் பாத்து மருந்துக்கடைக்கு ரூல் போடணும், பணம் குடுக்கணும், சந்தையே பாத்துக்காதா?

பாத்துக்காதுங்க. நான் பார்மசிஸ்ட், அதனால சார்பா பேசுறேன்னு தோணலாம், ஆனா இதைச் செஞ்சே பாத்த நாடு இருக்கு. ஸ்வீடன்ல 2009 வரைக்கும் மருந்துக்கடை நடத்துற உரிமை அரசு நிறுவனத்துக்கு மட்டும்தான், அந்த வருஷம் ஜூலைல தனியாருக்கும் திறந்து விட்டாங்க. கடைங்க மளமளன்னு பெருகுச்சு, திறந்திருக்குற நேரமும் கூடுச்சு, நல்லதுதான், ஆனா புதுக்கடைல பெரும்பாலானது ஏற்கனவே கடை இருந்த டவுன் பக்கமே போய் உக்காந்துச்சு, ஜனம் கம்மியான ஊர்ப்பக்கம் பெருசா யாரும் போகல. கடைசில 2013ல அந்த மாதிரி ஊர்ல இருக்குற கடைங்களுக்கு அரசே மானியம் குடுக்க வேண்டியதாப் போச்சு.

சில நாடுங்க எங்க திறக்கலாம்னு சட்டத்துலயே சொல்லிடுறாங்க. பிரான்ஸ்ல 2500 பேர் இருந்தா முதல் கடை, அதுக்கு மேல ஒவ்வொரு 4500 பேருக்கும் இன்னொண்ணு. இத்தாலில 3300 பேருக்கு ஒண்ணு. இது இருக்குற கடைக்காரங்களுக்குப் போட்டி வராம பாதுகாக்குதுன்னு ஒரு குறை சொல்வாங்க, அதுல உண்மையும் இருக்கு. இருந்தாலும் ஒரே தெருவுல நாலு கடை, அடுத்த ஊர்ல ஒண்ணுமே இல்லங்குற நிலைமைக்கு இது எவ்வளவோ பரவால்ல.

ஆனா திறக்குறதுக்கு மட்டும் ரூல் போட்டா பத்தாது, திறந்த கடை நிக்கணும்ல. இங்கிலாந்தப் பாருங்க. அங்க 2014ல டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்துச்சு, நாட்டுல 89 சதவீதம் பேர் 20 நிமிஷம் நடந்தா ஒரு மருந்துக்கடைக்குப் போயிடலாம்னு, ரொம்ப ஏழ்மையான பகுதிகள்ல அது கிட்டத்தட்ட 100 சதவீதம்! பொதுவா மருத்துவ வசதின்னாலே காசு இருக்குற பக்கம்தான் அதிகமா இருக்கும், மருந்துக்கடை மட்டும் அதுக்கு நேர் எதிரா இருந்துச்சு. அவ்ளோ அருமையா அமைஞ்ச ஒண்ண என்ன பண்ணாங்க தெரியுமா, 2016 டிசம்பர்ல இருந்து கடைங்களுக்கு அரசு குடுக்குற நிதியக் குறைச்சாங்க, அப்புறம் 2019ல இருந்து 2024 வரைக்கும் வருஷத்துக்கு 259 கோடி பவுண்டுன்னு ஏத்தாம அப்படியே வச்சாங்க, அதுக்குள்ள சம்பளம் ஏறுது, வாடகை ஏறுது, கரண்ட் பில் ஏறுது. இந்தப் பத்து வருஷத்துல ஆயிரத்துக்கும் மேல கடைங்க மூடிட்டாங்க, அதுல ஏழ்மையான பகுதிகளுக்குத்தான் அடி ஜாஸ்தி.

ஏன் மூடுதுன்னு வெளில இருக்குறவங்களுக்குப் புரியாது. மருந்துச் செலவ அரசே ஏத்துக்குற இந்த மாதிரி அமைப்புல அரசு ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ரேட் போட்டு வச்சிருக்கும், கடைக்காரர் முதல்ல தன் காசுல வாங்கி பேஷண்ட்டுக்குக் குடுத்துட்டு அப்புறம் அரசுகிட்ட க்ளெய்ம் பண்ணணும். தட்டுப்பாடு வந்து ஹோல்சேல் விலை திடீர்னு ஏறிடுச்சுன்னா அந்த மாத்திரைல கைக்காசு போகும், அதுக்காக சீட்டோட வந்து நிக்குறவர திருப்பி அனுப்பவும் முடியாது.

இதுல எனக்கு ரொம்ப ஆதங்கம் எதுன்னா, அரசு பணம் குடுக்குறது பெரும்பாலும் கை மாறுற மாத்திரைக்குத்தான், அதக் குடுக்குற ஆளோட கவனத்துக்கு இல்ல. ஒருத்தர் வந்து மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் கேப்பார், வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா யோசிச்சு யோசிச்சு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின்னு சொல்வார், ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வரைக்கும் போகும், அந்த மாத்திரைய நான் விக்கல, அதனால எனக்கு வரவும் ஒண்ணும் இல்ல. அழுத்தி இழுக்குற வகை இன்ஹேலரும் அப்படித்தான். அழுத்துற அதே நேரத்துல மெதுவா மூச்ச உள்ள இழுக்கணும், நிறைய பேர் முதல்ல அழுத்திட்டு அப்புறம் இழுப்பாங்க, மருந்து பூரா நாக்குலயும் தொண்டைலயும் ஒட்டிக்கும், நெஞ்சுக்குப் போகாது, டாக்டர் டோஸ கூட்டிக்கிட்டே போவார். எதிர்ல நின்னு ஒருதடவ இழுத்துக் காட்டச் சொன்னாத்தான் இது கண்ணுல படும். சீட்டு நீளமா இருக்கும், கைல காசு கம்மியா இருக்கும், இதுல எது முக்கியம்னு கூச்சப்பட்டுக் கேப்பாங்க, அதுக்கெல்லாம் எந்த பில்லுல இடம் இருக்கு?

இங்கிலாந்துலயே 2024 ஜனவரி கடைசில ஒரு நல்ல மாத்தம் வந்துச்சு, தொண்டை வலி, குழந்தைங்களுக்கு வர்ற காதுத் தொற்று, அக்கி, பூச்சிக்கடி புண்ணுன்னு 7 பிரச்சனைக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே பார்மசிஸ்ட் பாத்து, தேவைப்பட்டா ஆன்டிபயாட்டிக் மாதிரி மருந்தும் குடுக்கலாம், அந்த ஆலோசனைக்கு அரசு தனியா பணம் தரும். வழி இதுதான், ஆனா கடையே மூடிட்ட ஏரியால இத யார் பண்ணுவா?

ஆன்லைன் வேண்டாம்னு சொல்லல. மாசாமாசம் மாறாத பிபி மாத்திரை, சுகர் மாத்திரைக்கு அது ரொம்ப வசதி, நடக்க முடியாதவங்களுக்கு வரமே. ஆனா சாயங்காலம் டாக்டர் எழுதிக் குடுத்த ஆன்டிபயாட்டிக்க அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும், ரெண்டு நாள் கழிச்சு வர்ற பார்சல் அதுக்கு உதவாது. உங்க பக்கம் கடை மூடப் போறாங்கன்னு அரசு கருத்து கேட்டா, அடுத்த கடை எத்தன கிலோமீட்டர்னு மட்டும் எழுதாதீங்க, கார் இல்லாத ஒரு வயசானவர் அங்க எப்படிப் போவார், பஸ் எத்தன மணி வரைக்கும் ஓடுது, ஞாயித்துக்கிழமை அந்தக் கடை திறந்திருக்கான்னு எழுதுங்க, மேப்ப வச்சு முடிவெடுக்குறவங்க விட்டுடுறது அதத்தான்.