பிசிஏ முடித்த மகள் நூலக அறிவியல் படிக்கலாமா? பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, "புத்தகம் அடுக்குற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்" என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானது. ஆனாலும் உங்கள் மகளின் விருப்பம் சரியானது என்றே நினைக்கிறேன்.

இன்று கல்லூரி நூலகத்தில் பாதி வேலை இணையதளத்தில்தான் நடக்கிறது. அதற்கான நல்ல மென்பொருள்கள் திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உரிமக் கட்டணம் இல்லை. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதிய கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருள் 2000-இல் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் அதற்குப் பரிசு என்று பொருள். ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்க டிஸ்பேஸ் என்ற மென்பொருள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்கா தளம் அதில்தான் இயங்குகிறது. கட்டணம் இல்லையே தவிர, சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் யாராவது பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரும், நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 என்ற முறையும் சேர்ந்து தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். பிசிஏ படித்தவளுக்கு இங்கேதான் இடம்.

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கோஹாவை நிறுவச் சொல்லுங்கள். வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களில் ஒரு 200 எடுத்துப் பதிவு செய்யட்டும். அப்போதுதான் உண்மையான சிக்கல்கள் தெரியும். தமிழில் தேடினால் சரியாக வராது. கோஹாவுக்குள் இருக்கும் ஸீப்ரா தேடுபொறியை, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரே எழுத்தாளர் பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருக்கும், அதை ஒன்றாக்க வேண்டும். இதையெல்லாம் தானே தீர்த்த பெண் நேர்காணலில் சொல்வதற்கு நிறைய வைத்திருப்பாள். சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதைவிட இது மேல்.

படிப்புக்குத் தூரம் போக வேண்டாம். மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையமான டிஆர்டிசி இருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1962-இல் தொடங்கியது. அங்கே இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு, உதவித்தொகையும் தருகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். தனியார் கல்லூரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு, பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். பல்கலைக்கழக உதவி நூலகர் பதவிக்கு முதுகலையோடு தேசியத் தகுதித் தேர்வான நெட்டையும் கேட்பார்கள், அதனால் முதல் வருடமே அதற்குத் தயாராகட்டும். அப்புறம், இன்னொரு வழியும் உண்டு: நூலகங்களுக்குக் கோஹா நிறுவிப் பராமரித்துத் தரும் நிறுவனங்கள். பிசிஏவோடு அங்கே நுழைவது எளிது.

அந்த 200 புத்தகங்கள் ஏறியதும் லேப்டாப்போடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.