நாணயம் கேளுங்கள்: அஸ்ஸாரியோன்

அஸ்ஸாரியோன் கிரேக்க நாணயமா, ரோமானிய நாணயமா? (வாசகர், நாகர்கோவில்)

ரோமின் 'ஆஸ்' என்ற செப்புக் காசுக்குக் கிரேக்கம் பேசிய கீழை மாகாணங்கள் வழங்கிய பெயர். கியோஸ் தீவு இந்தப் பெயரையே காசில் பொறித்தது.

தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றுக்குப் பத்து ஆஸ் என்கிறது ஒரு நூல், பதினாறு என்கிறது மற்றொன்று. எது சரி? (வாசகர், மதுரை)

இரண்டும். முதலில் 10, கி.மு. 140 வாக்கில் 16 ஆயிற்று. காலத்தைச் சொல்லாமல் மதிப்பைக் கேட்காதீர்கள்.

மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். மாற்குவில் ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். அதற்கு நான்கு குருவிகள் வாங்கலாம் அல்லவா? (வாசகர், பாளையங்கோட்டை)

ஒரு குருவிகூட வாங்க முடியாது! இந்தத் தவறான கணக்கைப் பிரசங்கங்களிலும் கேட்டுச் சலித்துவிட்டேன். மத்தேயு 10:29இல் மூலச் சொல் அஸ்ஸாரியோன். விதவை போட்டது லெப்டோன், புழக்கத்திலேயே மிகச் சிறிய செப்புக் காசு. இரண்டு லெப்டோன் ஒரு கொத்ராந்தேஸ் என்று மாற்குவே சொல்லிவிடுகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'துட்டு'. நான்கு கொத்ராந்தேஸ் ஒரு அஸ்ஸாரியோன். ஆக, அவள் காணிக்கை அரைக் குருவியின் விலை. மத்தேயு 5:26இல் கொத்ராந்தேஸும் 'காசு' ஆகிவிடுகிறது. மூன்று நாணயங்களுக்கு ஒரே சொல்! மத்தேயுவின் உவமையில் வரும் திராட்சத்தோட்டக் கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியஸ். அதில் 64இல் ஒரு பங்குதான் அவளிடம் இருந்த மொத்தம். நான்கு குருவி என்று சொன்னால் அந்த வறுமையே மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூலச் சொல்லைப் பாருங்கள்.

லூக்காவில் மட்டும் இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் ஏன்? (வாசகர், தூத்துக்குடி)

நான்கு வாங்கினால் ஒன்று கொசுறு. அங்கும் மூலச் சொல் அஸ்ஸாரியோன்தான்.

அமராவதி ஆற்றில் கிடைத்த சிறு செப்புக் காசின் படம் அனுப்பியுள்ளேன். அஸ்ஸாரியோன்தானே? (வாசகர், கரூர்)

ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் யாரால் சொல்ல முடியும்? எடை இல்லை, விட்டமும் இல்லை. கரூர்ப் பகுதியில் கிடைக்கும் ரோமானியச் சிறு செப்புக் காசுகள் பெரும்பாலும் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியவை; நற்செய்திக் காலத்துக்கு முந்நூறு ஆண்டு பிந்தியவை. இரு பக்கப் படமும் எடையும் அனுப்புங்கள். அதுவரை தேய்க்காதீர்கள்.

புளி போட்டுத் துலக்கலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. பாசியோடு எழுத்தும் போய்விடும்.

இன்றைய ரூபாயில் ஒரு அஸ்ஸாரியோன் எவ்வளவு? (வாசகர், சென்னை)

செம்பு விலையை வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ, அதைப் பதினாறால் வகுத்துக்கொள்ளுங்கள். தோராயமாக அவ்வளவுதான்.