பேட்டரியைத் திரும்ப மாட்டு, தம்பி

தம்பி, நீ கேட்டது இது: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தாலே புகை அலாரம் கத்துகிறது. கூட இருக்கிற பையன் பேட்டரியைக் கழற்றிவிட்டான். "ஊர்ல இது இல்லாமத்தானே இருந்தோம், விட்டுடலாமாக்கா?" என்கிறாய். தண்டையார்பேட்டையில் அம்மாவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

விடக் கூடாது. இன்று ராத்திரி படுப்பதற்குள் பேட்டரியைத் திரும்ப மாட்டிவிடு. மற்றதை அப்புறம் படி.

ஊரில் இல்லாமல் இருந்தோம் என்பது உண்மை. லீவுக்கு வந்து, ராயபுரத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே அடுப்பில் பால் தீய்ந்தால் எதிர்வீட்டு அக்கா குரல் கொடுத்துவிடுவார். வாசற்கதவு திறந்தே கிடக்கும், செங்கல் சுவர், மொசைக் தரை. லண்டன் வீட்டில் குளிருக்காக ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். மாடிப்படி மரம், மாடித் தளமும் மரம், மேலே கார்ப்பெட், கீழே ஃபோம் சோபா. கீழே பிடிக்கிற தீயின் புகை ஏறி வருவதும் அந்தப் படி வழிதான், நீங்கள் இறங்கி ஓட வேண்டியதும் அந்தப் படி வழிதான். நெடி வந்தால் முழிப்பு வந்துவிடும் என்று தயவுசெய்து நம்பாதே. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிப் போட்டுவிடும். ஐந்து பேரும் தூங்கும்போது முழித்திருப்பது அந்த அலாரம் ஒன்றுதான்.

அப்படியானால் தாளிக்கும்போது என்ன செய்வது? முதலில் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பார். சமையலறைக்கு உள்ளேயே புகை அலாரம் இருந்தால் இடம்தான் தப்பு. அங்கே சூட்டுக்கு மட்டும் கத்துகிற ஹீட் அலாரம் இருக்க வேண்டும். எவ்வளவு மிளகாய் வறுத்தாலும் அது பேசாமல் இருக்கும். புகை அலாரம் வெளியே, நடையிலும் மாடிப்படி உச்சியிலும் இருக்க வேண்டும். நடையில் இருந்தும் கத்துகிறது என்றால், எண்ணெய் வைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திற. மீன் வறுக்கிற அன்று குளிரைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பல அலாரங்களில் சிறிது நேரம் அமைதியாக்கும் பட்டன் உண்டு, அதை அழுத்து. ஷவர் கேப் மாட்டுவது, பிளாஸ்டிக் பை சுற்றுவது எல்லாம் பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே வழிதான்.

அலாரத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தால் தேதி அச்சிட்டிருக்கும். பத்து வருடம் ஆகிவிட்டால் பேட்டரி புதிதாக இருந்தாலும் அலாரத்தையே மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறையாவது டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்காதே. இங்கிலாந்தில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரமாவது வைப்பது அவர் கடமை. 2022 அக்டோபர் முதல், வேலை செய்யவில்லை என்று நீ சொன்னால் சரிசெய்தோ மாற்றியோ தரவும் வேண்டும். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் (அங்கத்து நகராட்சி) லைசென்ஸும் வேண்டும். ஃபோட்டோவோடு எழுத்தில் அனுப்பு. பதில் வராவிட்டால் உங்கள் பகுதியின் நியூஹாம் கவுன்சிலில் புகார் கொடு. புதிதாக வந்த பிள்ளைகள் வீடு போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

அலாரம் தீயை நிறுத்தாது, எழுப்பத்தான் செய்யும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 பேரைக் கொன்ற தீ, நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜ் ஃப்ரீசரில் தொடங்கியது. அதை மேலே பரப்பியது கட்டிடத்துக்கு வெளியே போர்த்தியிருந்த தகடுகள். ஆனாலும் ஆரம்பம் ஒரு வீட்டுச் சாமான்.

உங்கள் வீட்டில் நான் பயப்படுவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத்தான். நாலு ஓட்டை இருந்தாலும் மொத்தமாக 13 ஆம்பியர்தான் தாங்கும். கெட்டில் ஒன்றே 3000 வாட், அதாவது கிட்டத்தட்ட அந்த 13 ஆம்பியர். அதோடு ரூம் ஹீட்டரையும் சொருகினால் வயர் சூடேறும். இரண்டையும் நேராகச் சுவரில் சொருகு. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை. ஆனால் டிராவல் அடாப்டரில் தினமும் ஓட்டாதே. ஃபியூஸ் உள்ள இங்கிலாந்து பிளக்கை, தெரிந்தவரிடம் கொடுத்து மாட்டிக்கொள். ஹீட்டர்மேல் ஜீன்ஸ் காயப்போடுவதும், ஃபோனைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதும் இன்றோடு நிற்கட்டும். டிரையர் இருந்தால் ஒவ்வொரு தடவையும் பஞ்சை எடுத்துவிடுங்கள். டெலிவரி வேலைக்குப் போகிற பையனின் இ-பைக்கைப் படியடியில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. அந்த பேட்டரி வெடித்தால் வெளியேறவே வழி இருக்காது.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, வாணலியைத் தூக்கவும் செய்யாதே. கை எட்டினால் அடுப்பை அணை, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்குத் தாராளமாக அனுப்பு. பேட்டரியில் ஓடுகிற, ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கிற ஆப்டிகல் வகையாகப் பார். அடுப்புக்கும் சாமி மாடத்துக்கும் தள்ளி, அவர் படுக்கிற அறைக்கு வெளியே சீலிங்கில் மாட்டச் சொல். ஆனால் அங்கே அதைவிட அவசரம் கேஸ் டியூப். ஆரஞ்சு டியூப்மேல் தேதி இருக்கும்; ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஏஜென்சியில் சொல்லி மாற்றட்டும். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசட்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கச் சொல்.