கிடாவெட்டும் ஊர் நாயும் வயிற்றுக் கட்டியும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

ஆடி முடிந்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஈரல், குடல், நாய் என்றே இருக்கும். இந்த முறையும் அப்படித்தான்.

குலசாமி கோயிலில் கிடா வெட்டினோம். ஈரலில் நீர் கோத்த கட்டி இரண்டு இருந்தது. அதை மட்டும் அறுத்து வீசினோம், நாய்கள் தின்றுவிட்டன. மீதி ஈரலை நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். எங்களுக்கு ஏதாவது ஆகுமா?

சாப்பிட்ட உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கட்டியைத் தின்று மனிதருக்கு நோய் வருவதில்லை. வீசிய இடத்தில்தான் வில்லங்கம்.

ஈரலிலோ நுரையீரலிலோ புதைந்து, தடித்த வெள்ளைச் சுவரோடு இருந்தால் அது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் கட்டி. உள்ளே நீரில் மணல் மாதிரி படிந்திருப்பதெல்லாம் புழுத் தலைகள். நாய் தின்றால் அவை அதன் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு, ஆறேழு வாரத்தில் முட்டை விடத் தொடங்கும். முழுதாக வளர்ந்த புழுவே 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். ஒரு நாய்க்குள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கும். முட்டை மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் கீரைப் பாத்தியிலும் ஊருணிக் கரையிலும் கிடக்கும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குக் கட்டி. நம் வாய்க்குள் போனால் நமக்கு.

குடலைப் போர்த்திய கொழுப்புச் சவ்வில் மெல்லிய நீர்ப்பையாகத் தொங்கி, உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வேறு நாடாப்புழு. மனிதரை அது தொந்தரவு செய்வதில்லை. ஆனாலும் நாய்க்குப் போடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தின்ற நாய்கள் எவை என்று தெரிந்தால், ஆறு வாரம் ஆகும் முன் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். கொடுத்த பின் இரண்டு மூன்று நாள் மலத்தை அள்ளி எரித்துவிடுங்கள். அடுத்த கிடாவெட்டில் வேண்டாத ஈரல், நுரையீரலை அரை மணி நேரமாவது கொதிக்கவிட்டு நாய்க்குப் போடலாம். இல்லையென்றால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். அண்டா அடுப்பில்தானே இருக்கிறது!

அம்மாவுக்கு ஸ்கேனில் ஈரலில் 9 செ.மீ. நீர்க்கட்டி. நாய் வழியாக வந்தது என்கிறார் டாக்டர். நாங்கள் நாயே வளர்த்ததில்லையே?

வளர்க்க வேண்டியதில்லை. கழுவாத கீரை, மண் ஒட்டிய கை, நாய் புழங்கிய குளத்து நீர் எதுவும் போதும். இந்தக் கட்டி மெல்ல வளரும். இப்போது தெரிவது பல வருடங்களுக்கு முன் விழுங்கிய முட்டையாக இருக்கலாம். எப்போது, எங்கே என்று தேடுவது வீண் வேலை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வயிறு கனக்கிறது என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். கட்டி உடைந்தால் உள்ளிருக்கும் நீரே கடும் ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கு ஆபத்தாகும். அறுவை சிகிச்சையா, ஊசி வழியாக நீரை எடுப்பதா, அல்பெண்டசோல் மாத்திரையா, வெறுமனே கண்காணிப்பதா என்பதைக் கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அம்மாவிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம்.

நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். உண்மையா?

முடி ஒன்றும் செய்யாது. முடியில் ஒட்டியிருக்கும் முட்டை செய்யும். அப்பத்தா பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறார்.

நான் கீதாரி. கிடையில் ஒரு குட்டி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து செத்தது. தலையை நாய்க்குப் போட்டேன். இப்போது இன்னொன்றும் சுற்றுகிறது.

அந்தத் தலைக்குள்தான் விஷயம் இருந்திருக்கும். ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளரும் இன்னொரு நாடாப்புழு உண்டு, அதுவும் நாயிடமிருந்தே வருகிறது. மூளையைத் தின்ற நாய் சில வாரத்தில் கிடை முழுக்க முட்டையை இறைக்கும். இப்போது சுற்றுகிற குட்டிக்கு அந்தத் தலை காரணமாக இருக்காது. கட்டி வளரவே சில மாதம் ஆகும் என்பதால் உங்கள் நாய்க்கு முன்பிருந்தே புழு இருக்கிறது என்று அர்த்தம். சுற்றினாலே இந்த நோய்தான் என்றும் இல்லை, மூளையைத் தாக்கும் பிற நோய்களிலும் ஆடு சுற்றும். மருத்துவரிடம் காட்டுங்கள். கிடை நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை பிராசிகுவான்டல் கொடுத்தால் இந்தப் புழு, ஈரல் கட்டிப் புழு இரண்டுக்கும் சேர்த்து வேலை முடியும்.

ஆட்டுக்கு ஊற்றும் குடற்புழு மருந்தையே நாய்க்கும் ஊற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலானவற்றில் பிராசிகுவான்டல் இருக்காது, மேலே சொன்ன புழு சாகாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியின் மிச்சத்தைக் கண்ணளவில் நாய்க்குப் போட்டு, நடை தள்ளாடி, பார்வை மங்கிப் போன நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாயின் வாலடியில் அரிசி மாதிரி நெளிகிறது. பயமாக இருக்கிறது.

தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழுவின் துண்டுகள் அவை. புழு மருந்தோடு தெள்ளையும் ஒழிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இந்தப் புழு சாது.

பெட்டை குட்டி போட்டு இருபது நாள். குட்டிகளுக்கு வயிறு பானை மாதிரி. பிள்ளைகள் மடியை விட்டு இறக்குவதில்லை.

பால் குடித்த வயிறு என்று நினைப்பார்கள், பெரும்பாலும் உருண்டைப்புழு. தாயின் தசைக்குள் உறங்கும் இளம்புழுக்கள் சினைக் காலத்தில் விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்குள்ளேயே போய்விடும். பிறகு பாலிலும் வரும். அதனால்தான் குட்டி பிறந்த இரண்டாவது வாரமே மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டு வாரம் வரை கொடுக்கச் சொல்கிறோம். தாய்க்கும் சேர்த்து. நீங்கள் இன்றே தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஆபத்து மடியைவிட முற்றத்து மண்ணில் அதிகம். முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். தினமும் மலத்தை அள்ளினால் பாதி வேலை முடிந்தது. மண் தின்னும் குழந்தை வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம்: அந்த இளம்புழு ஈரல், நுரையீரல் என்று அலைந்து சில நேரம் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுக்கும்.

மகன் பாதத்தில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி சிவப்புத் தடிப்பு, தினமும் நகர்கிறது. மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

நாயின் கொக்கிப்புழுவாக இருக்கலாம். வீடு கட்டக் கொட்டிய மணலில் நாய் மலம் கழிக்கும், பிள்ளைகள் அங்கேயே வெறுங்காலோடு விளையாடும். தோலுக்குள் புகுந்த இளம்புழு, தனக்குரிய உடம்பு இது இல்லை என்பதால் உள்ளே போக வழியில்லாமல் அங்கேயே அலைகிறது. தோல் மருத்துவர் மாத்திரை தருவார், சில நாளில் அடங்கும். எல்லாக் கொக்கிப்புழுவும் இப்படி வழி தவறுவதில்லை. 1911-ல் இலங்கைப் புனுகுப்பூனையிடமிருந்து விவரிக்கப்பட்டு, சிலோன் பெயரையே தாங்கியிருக்கும் ஒரு வகை, மனிதக் குடலிலும் வளர்ந்து ரத்தம் குடிக்கும். மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.

இத்தனை நோய் என்றால் ஊர் நாய்களை ஒழித்துவிட்டால் என்ன? பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விஷம் வைப்பது சட்டப்படி குற்றம். பயனும் இல்லை: கறிக்கடைக் கழிவு அங்கேயே கிடக்கும், பக்கத்து ஊர் நாய் வந்து சேரும்.

ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த ஈரல் கட்டி வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. 1863-ல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற ஆய்வாளர் போய் நாய்களை அறுத்துப் பார்த்தார், நூற்றில் 28-க்கு இந்தப் புழு. மறு வருடம், நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்று எளிமையாக எழுதிய சிறு நூல் அந்நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே என்பதுதான் அதன் சாரம். நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பின்னால் வந்தது. நோய் அங்கே ஒழிந்தேவிட்டது.

பஞ்சாயத்தில் பேசுவதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: கறிக்கடைக்கும் கோயில் கிடாவெட்டு இடத்துக்கும் பக்கத்தில் மூடி போட்ட ஒரு கழிவுக் குழி. நாயால் திறக்க முடியாத, கனமான மூடியாக இருக்கட்டும்.