ஃபார்மட் செய்தால்தான் தீருமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. விண்டோஸுடன் வாங்கிய என் மடிக்கணினி, லோகோ வரை வந்துவிட்டுத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் கடையில், முழுவதும் ஃபார்மட் செய்ய 1,200 ரூபாய், புது விண்டோஸ் கீக்குத் தனியாக 2,500 ரூபாய் என்கிறார்கள். டெஸ்க்டாப்பில் குடும்பப் புகைப்படங்களும், வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் விண்டோஸை மறுபடி போட முடியுமா? கோப்புகள் அழிந்துபோனால் கடைக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முடியும். ஆனால், எந்த வழியில் சரிசெய்வதாக இருந்தாலும், முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். டெஸ்க்டாப்பில் வைத்தவை திரையில் தனியாகத் தெரிந்தாலும் அவை இருப்பது சி டிரைவில்தான். அதை ஃபார்மட் செய்தால் அவையும் போய்விடும். உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால், ஃபார்மட் செய்தபின் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

விண்டோஸ் திறக்காவிட்டாலும் கோப்புகளை எடுக்கலாம். விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல் அதை இயக்கிப் பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், சி டிரைவில் உள்ளவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுக்கலாம். டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து அதைப் பார்க்கலாம். நகல் எடுத்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளை வேறு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். ஃபோல்டரின் பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் போவதும் உண்டு.

வினாத்தாள்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. எழுத்துருக்கள் உங்கள் சொந்தக் கோப்புகளாகக் கணக்கில் வராமல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து வைக்காவிட்டால், கோப்பு பத்திரமாக இருந்தும், திறக்கும்போது தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும்.

இதன் பிறகு, 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் இரண்டு மூன்று முறை தொடங்க முடியாமல் நின்றால் தானாகவே வரும் நீலத் திரையில், 'ட்ரபிள்ஷூட்' என்பதற்குள் இது இருக்கும். கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும், அவற்றை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க்கே பழுதாகியிருந்தால் இதனால் பயனில்லை என்பதால், அதையும் சோதிக்கச் சொல்லிவிடுங்கள்.

2,500 ரூபாய் கீ, அதாவது விண்டோஸ் உரிமத்துக்கான குறியீடு, எனக்குத் தேவையானதாகத் தெரியவில்லை. விண்டோஸுடன் விற்கப்பட்ட கணினியின் உரிமம் அதன் மதர்போர்டோடு பிணைந்தது; அதே பதிப்பை மறுபடி நிறுவினால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். மதர்போர்டை மாற்றியிருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு எழும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று அதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதியிருந்தால் அந்த மாற்றமும் இலவசமே.

இழப்பீடு குறித்து: காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். ஆனால் "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்ட ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு வாதாடுவது கடினம். ஆகவே கணினியைக் கொடுக்கும்போதே, "டெஸ்க்டாப் கோப்புகள் அழியக் கூடாது, ஃபார்மட் செய்யும் முன் என்னிடம் கேட்க வேண்டும்" என்று ஜாப் ஷீட்டில் (கடையில் வேலை விவரம் குறிக்கும் தாளில்) எழுதச் சொல்லி அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் மீறி அழித்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கு தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.